அறுந்த பாசி எங்கே போகும்?

'கரண்ட் சயன்ஸ்' என்னும் அறிவியல் இதழில் 2005-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வந்தது. பெரேரா, வெர்லேக்கர் என்னும் ஆய்வாளர் இருவர் கோவாவிலிருந்து எழுதியது. மன்னார் வளைகுடா ஒரு கடலுயிர்ப் படையெடுப்பை நோக்கிச் செல்கிறதா என்பது அதன் தலைப்பு. முடிவில் ஒரு கேள்விக்குறி. மூன்று ஆண்டுகள் கழித்து, 2008 மே மாதம், அதே இதழில் மதுரைத் தியாகராசர் கல்லூரியைச் சேர்ந்த எஸ். சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. மன்னார் வளைகுடாவில் பவளங்களின்மீது கப்பாபைகஸ் அல்வரேசி என்னும் பாசியின் படையெடுப்பு என்று அதற்குத் தலைப்பு. கேள்விக்குறி மறைந்துவிட்டது. இன்னும் இரண்டே ஆண்டில், 2010-இல், அந்தப் பாசியை நம் நாட்டில் வளர்க்கக் கற்றுத்தந்த மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தார் கொரியாவிலிருந்து வரும் 'ஆல்கே' என்னும் இதழில் தம் கட்டுரையை வெளியிட்டனர். அங்கே 'படையெடுப்பு' என்ற சொல் 'படையெடுக்கும் வாய்ப்பு' என்று இளகியிருந்தது.

மூன்று தலைப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே ஒரு வழக்கின் போக்குத் தெரிகிறது. இலக்கியத் திங்களிதழில் பாசியைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். கேட்கட்டும். ஒரு சொல்லைக் கூட்டியும் குறைத்தும் எழுதுவதில் மனிதர் பிழைப்பும் கடலின் பிழைப்பும் அடங்கியிருக்குமானால், அதைப் படித்து ஆராய்வது திறனாய்வாளரின் வேலைதான். நாம் சிறப்பாக எடுத்துக்கொள்வது 2008-ஆம் ஆண்டின் ஆறு பக்கக் கட்டுரையை.

முதலில் அந்தப் பாசியின் பிறப்பு வளர்ப்பைச் சொல்லிவிட வேண்டும். கப்பாபைகஸ் அல்வரேசி பிலிப்பைன்ஸ் கடலுக்கு உரியது. ஹவாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாக்ஸ்வெல் டோட்டி 1960-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே அதன் வகைகளைக் கயிற்றில் கட்டி வளர்க்கும் முறையை உருவாக்குவதில் முன்னின்றார். அதிலிருந்து கிடைக்கும் கராஜீனன் என்னும் கூழ்ப்பொருள் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் இன்னும் பலவற்றிலும் சேர்கிறது. 1980-களில் சப்பான் வழியாக வந்த சில துண்டுகள் குசராத்துக் கடலில் பழக்கப்பட்டு, 1990-களின் நடுவில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. 2000-ஐ ஒட்டிப் பெப்சி நிறுவனம் தொழில்நுட்ப உரிமம் பெற்று வணிக வளர்ப்பைத் தொடங்கியது. 2008-இல் அப்பணி வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. நிறுவனம் போனாலும் பெயர் போகவில்லை. இராமநாதபுரம் கடற்கரையில் அதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயர். அறிவியல் பெயரில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரின் பெயர் ஒட்டியிருக்கிறது. மக்கள் சூட்டிய பெயரில் குளிர்பான நிறுவனம் ஒட்டியிருக்கிறது. இது எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்பதை மக்களின் பெயரே சுருக்கமாகச் சொல்கிறது என்பது நம் கருத்து.

வளர்ப்பு முறை எளிது. மூங்கிலைச் சதுரமாகக் கட்டிய மிதவை, குறுக்கே கயிறுகள், கயிறுதோறும் பாசித் துண்டுகள். ஒரு மிதவைக்கு விதையாக ஏறக்குறைய 60 கிலோ வேண்டும். 45 நாளில் அது நான்கு மடங்குபோல் பெருகும். ஒரு பங்கை மறுபடி விதைக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் காயவைத்து விற்கலாம். உரம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், நிலம் வேண்டாம். கணவனின் வலையில் மீன் விழாத நாளிலும் மனைவியின் மிதவையில் பாசி வளரும். மகளிர் தன்னுதவிக் குழுக்கள் அதை நாடிச் சென்றதில் வியப்பில்லை.

இந்த இடத்தில் நம் பங்கையும் மறைக்காமல் சொல்லிவிடுவது முறை. 2006-ஆம் ஆண்டு நாம் ஒரு கடலோரப் பங்கில் பணியாற்றினோம். ஆழிப்பேரலைக்குப் பின் குழுக்கள் பெருகியிருந்த காலம். ஒரு குழுவினர் தங்கள் முதல் மிதவைகளை மந்திரித்துத் தருமாறு கேட்டார்கள். தீர்த்தம் தெளித்து, செபித்து, தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, குழுவிலே இருந்த ஓர் அம்மாள், சிறு வயதுமுதல் தீவுப் பக்கம் முங்கிப் பாசி எடுத்தவர், கேட்டார்: "அத்துப்போன பாசியெல்லாம் எங்க சாமி போகும்?" நாம் சிரித்தோம். "கடல் எவ்வளவு பெரிசு, அம்மா" என்றோம். அங்கிருந்த அனைவரும் சிரித்தார்கள். அவரும் சிரித்ததாகவே நினைவு. இரண்டாண்டு கழித்து வந்த சந்திரசேகரன் குழுவின் கட்டுரையை நெடுங்காலம் சென்றே நாம் படிக்க நேர்ந்தது. அந்தக் கேள்விக்கு உரிய விடையை யாரோ எழுதிவைத்திருந்தார்கள்.

விடை இது: குருசடைத் தீவின் பவளங்களுக்குப் போகும். பெயரைக் கேட்டதும் நமக்கு ஊர்முனைக் குருசடி நினைவுக்கு வரும் அந்தத் தீவு, உயிரியலாளர்களுக்கு நெடுங்காலமாகவே பாடசாலை. அதன் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-ஆம் ஆண்டிலேயே தனி வெளியீடு கொண்டுவந்தது. 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அது ஒன்று. அங்கே சந்திரசேகரன் குழுவினர் முங்கிப் பார்த்தபோது, வளர்ப்புக்காக வந்த பாசி, இறந்த பவளத்தின்மீதும் உயிருள்ள பவளத்தின்மீதும் வேர்கொண்டாற்போல் பற்றிப் படர்ந்திருந்தது. சிறப்பாகக் கிளை கிளையாய் வளரும் அக்ரோபோரா வகைப் பவளங்களை அது மூடியிருந்தது. கட்டுரை இரு விளைவுகளைப் பேசுகிறது: நிழலிடுதல், மூச்சடைத்தல். பவளம் விலங்கினம், ஆயினும் அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலைக்கொண்டு உணவு சமைத்து அதற்கும் ஊட்டுகின்றன. மேலே தடித்த பாசிப் படுகை விரிந்தால் வெயில் நிற்கும். வெயில் நின்றால் அடுப்பு அணையும். ஒரு பாசியால் வாழும் உயிரை இன்னொரு பாசி கொல்கிறது.

இக்கட்டுரையின் பெருமை அதன் எளிமை. பாசி வளர்ப்பைப் பற்றி அதுகாறும் எழுதியவர்களிற் பலர் மிதவையின் மேற்பரப்பைப் பார்த்தார்கள்: எத்தனை கிலோ, எத்தனை ரூபாய், எத்தனை குடும்பம். இவர்கள் கீழே போய்ப் பார்த்தார்கள். ஊகத்தைக் காட்சியாக மாற்றினார்கள். இன்ன தீவு, இன்ன பவளம், இன்ன பாசி என்று சுட்டிச் சொன்னார்கள். எச்சரிக்கை எழுதுவோர் பலருக்கும் வாய்க்காத அடக்கம் ஒன்றும் இதில் உண்டு. வளைகுடா முழுதும் அழிந்ததென்று எங்கும் கூவவில்லை. பார்த்த இடத்தில் பார்த்ததைச் சொல்கிறார்கள். 'படையெடுப்பு' என்னும் சொல் கடுமையானதுதான். உயிரியலில் அது வழக்குச் சொல்லாகிவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் படை என்றால் பின்னால் ஓர் அரசன் இருக்க வேண்டும். இந்தப் பாசி தானாக எங்கும் புறப்படவில்லை. ஒவ்வொரு கடலுக்கும் மனிதர் கையால் கொண்டுபோகப்பட்டது. கொண்டுவந்தவர்களின் பெயர் தலைப்பில் இல்லாமல் பாசியின் பெயர் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது, அறிவியல் மொழியின் பழைய குறை.

2010-ஆம் ஆண்டின் மறுமொழியையும் நேர்மையாகப் படிக்க வேண்டும். எழுதியவர்கள் தொழில்நுட்பத்துக்கு உரிமையாளராகிய நிறுவனத்தார். ஆகவே தங்கள் பிள்ளைக்காகப் பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் முறையன்று. அந்தப் பாசியை அவர்களைவிட நன்கறிந்தவர் இந்நாட்டில் இல்லை. அவர்கள் வாதம் மூன்று கால்களில் நிற்கிறது. குருசடையில் பாசி பரவிய இடம் பவளப் பரப்பு முழுமையோடு ஒப்பிடின் மிகமிகச் சிறிது. இந்தப் பாசி இங்கே வித்துகளால் இனம்பெருக்கும் ஆற்றலற்றது. துண்டு துண்டாக மட்டுமே பெருகுகிறது. மேய்ந்து தின்னும் உயிர்கள் கடலில் நிறைய உண்டு. ஆகவே பெரும் பரவலுக்கு வாய்ப்புக் குறைவு.

மூன்றும் பொருளற்றவை அல்ல. ஆனால் முதற்காலைப் பற்றி நமக்கு ஓர் ஐயம். நோயாளியின் உடலில் கட்டி எவ்வளவு சிறிது என்று அளப்பது தேவைதான். அது வளர்கிறதா என்பதை ஒருநாள் அளவு சொல்லாது. இரண்டாவது காலுக்கு ஹவாயில் முன்பே விடை எழுதப்பட்டிருந்தது. டோட்டி 1974-இல் ஒவாகு தீவின் கனியோகே விரிகுடாவுக்கு இப்பாசி இனத்தைக் கொண்டுபோனார். 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆழமான நீரைக் கடந்து அது தானாகப் பரவாது என்ற முடிவுக்கு வந்தது. ராட்ஜர்ஸ், காக்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் மீண்டும் அளந்து 1999-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொண்டுவைத்த இடத்திலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவுக்கு அது போயிருந்தது. அங்கும் துண்டுகளாகத்தான் போயிற்று. பின்னர் அதை அகற்றப் பெருங்குழாய் வைத்து உறிஞ்சும் எந்திரப் படகும், தின்று தீர்க்கக் கடல் முள்ளெலிகளும் தேவைப்பட்டன. 'கடல் எவ்வளவு பெரிசு' என்று நாம் சொன்ன வாசகத்தை ஆய்வுமொழியில் முன்பே சொல்லித் தவறியவர்கள் இருந்தார்கள் என்பதில் நமக்கு ஆறுதல் ஏதுமில்லை.

இதற்கிடையே அரசும் தன் தீர்ப்பை எழுதியிருந்தது. 2005 டிசம்பரில் வந்த தமிழ்நாடு அரசின் ஆணை, இந்த அயல்நாட்டுப் பாசியைப் பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே வளர்க்கலாம் என வரையறுத்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளை விலக்கி வரைந்த கோடு அது. நல்ல கோடுதான். 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்தக் கோட்டுக்கு உட்பட்ட ஒரு தீவில் பாசியைக் கண்டது.

இனி நம் மனக்குறைக்கு வருவோம். ஆறு பக்கத்திலும் ஒரு பெண்மணிகூட இல்லை.

பாம்பன் சின்னப்பாலம் முதலிய ஊர்ப் பெண்கள் தலைமுறைகளாகத் தீவோரங்களில் முங்கி இயற்கைப் பாசி எடுத்து வருகிறவர்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிக் கீழே போகிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் பாசிகளுக்கு எந்தப் பார் எந்தப் பருவம் என்பது அவர்களுக்குத் தெரியும். மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது, வளரும் பருவத்தில் நிறுத்திவைப்பது, பாறையைச் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று அவர்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அப்பெண்களை ஒருங்கிணைத்த சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவிலுள்ள சீகாலஜி அமைப்பு விருது வழங்கியது. ஆக, வளைகுடாவின் அடித்தளத்தை நாள்தோறும் கண்ணால் பார்த்துவரும் மனிதர் கூட்டம் ஒன்று உண்டு. அயற்பாசி முதலில் எங்கே தென்பட்டது, எந்த மாதத்தில் செழித்தது, எதன்மேல் ஏறியது என்று அவர்களைக் கேட்டிருக்கலாம். ஆய்வாளர் கணக்கெடுத்த நாள்கள் சில. அவர்கள் முங்கிய நாள்கள் பல்லாயிரம்.

அவ்வாறு செய்ய இயலாது என்பதற்கில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் பாசி வளர்ப்பை ஆராய்ந்த சுவீடன் நாட்டுக் கடற்சூழலியலாளர் யோகான் எக்லோஃப் 2005, 2006-ஆம் ஆண்டுகளில் தம் குழுவினருடன் வெளியிட்ட கட்டுரைகளை இதனோடு வைத்துப் பார்க்கலாம். ச்வாக்கா விரிகுடாவில் பாசித் தோட்டங்களின் கீழே கடற்புல் அருகிக் குட்டையாகியிருப்பதையும், மண்ணில் வாழும் சிற்றுயிர்கள் குறைந்திருப்பதையும் அவர்கள் காட்டினார்கள். அத்துடன் நிற்கவில்லை. அவ்வூர் மீனவர் பயன்படுத்தும் கூடுகளையே ஆய்வுக் கருவியாக எடுத்துக்கொண்டு, தோட்டத்துக்குள்ளும் புல்வெளியிலும் எந்த மீன் எவ்வளவு விழுகிறது என்றும் பார்த்தார்கள். கடற்புல் குறைந்தால் யார் வீட்டு உலையில் என்ன குறையும் என்ற கேள்வி அந்த ஆய்வுக்குள்ளேயே இருந்தது. நம் மன்னார் வளைகுடாக் கட்டுரை பவளத்தின் மரணத்தைச் சொல்கிறது. அந்தப் பவளத்தை நம்பி வாழும் மீனையும், மீனை நம்பி வாழும் வீட்டையும் சொல்லாமல் விடுகிறது. அதனாலேயே, 'ஏழைப் பெண்களின் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள்' என்று சூழலியலாளரைத் தூற்றுவோர்க்கு வாய்ப்பளித்துவிட்டது. மிதவையில் உழைக்கும் பெண்ணும் ஏழை. தீவோரம் முங்கும் பெண்ணும் ஏழை. சில குடும்பங்களில் இருவரும் ஒருவரே. இந்த உண்மை கட்டுரைக்குள் வந்திருந்தால் அதன் வலு இருமடங்காகியிருக்கும்.

சமயம் கற்றோராகிய நமக்கும் இதில் வசதியான இடம் ஏதுமில்லை. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் மூன்றாம் நாள் புல்லும் செடியும் மரமும் நிலத்திலிருந்து முளைக்கின்றன. கடலுக்கடியில் விளையும் பசுமையைப் பற்றி அங்கே பேச்சில்லை. விவிலியத்தில் கடற்பாசி நினைவில் நிற்கும்படி வருமிடம் யோனாவின் மன்றாட்டு: ஆழத்தில் அது அவர் தலையைச் சுற்றிக்கொள்கிறது. குருசடைப் பவளத்தைப் பற்றிப் படித்தபோது நமக்கு முதலில் தோன்றியது அந்தக் காட்சியே. மறையுரையாளர் சிலர்க்குக் களைகள் உவமை தோன்றக்கூடும்; அறுவடைவரை இரண்டையும் வளரவிடுங்கள் என்று தலைவர் சொன்னாரே என்பார்கள். அவசரம் வேண்டாம். அந்த உவமையில் ஆள்கள் உறங்கும்போது பகைவன் வந்து விதைத்துப் போகிறான். இங்கே விழித்திருந்த நண்பர்கள் பட்டப்பகலில் விதைத்தார்கள். நம்மைப்போன்றோர் தீர்த்தமும் தெளித்தோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலின் 41-ஆம் பத்தி பவளப்பாறைகளின் அழிவுக்காகத் துயருறுகிறது. அத்துயரைச் சொல்லும் சொற்களை அவர் பிலிப்பைன்ஸ் ஆயர்கள் 1988-இல் எழுதிய மேய்ப்புப் பணி மடலிலிருந்து எடுத்தார். பாசி வந்த அதே கடற்கரையிலிருந்து அந்த மடலும் வந்தது. பாசி நம்மிடம் விரைவாக வந்து சேர்ந்தது. மடல் வந்து சேர உரோமையைச் சுற்ற வேண்டியிருந்தது.

பவளத்துக்குத் தீங்கு செய்ததில் பாசி முதலும் அன்று; பெரிதும் அன்று. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வளைகுடாவில் பல்லாண்டுகள் பவளம் வெட்டப்பட்டது. 1964 புயலில் சிதைந்து நிற்கும் தனுஷ்கோடி தேவாலயத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் சுவரருகே சென்று கவனிக்கட்டும், அதிலிருப்பது பவளக்கல். பின்னர் கடல்நீர் வெப்பம் ஏறிப் பவளங்கள் வெளுத்தன. 2010-இலும் 2016-இலும் அது கடுமையாக நேர்ந்தது. அதே வெப்பம் பாசியையும் விடவில்லை. 2013-ஆம் ஆண்டை ஒட்டி மிதவைகளில் பாசி கூட்டங்கூட்டமாக அழுகிப்போய் விளைச்சல் சரிந்தது; கடனில் மூங்கில் வாங்கிய குடும்பங்கள் திகைத்தன. பாசி வளர்ப்பைப் போற்றி எழுதுவோரும் சாடி எழுதுவோரும் இந்த அழிவை ஏனோ ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

ஆறு பக்கத்தை இப்போது மீண்டும் எடுத்துப் படிக்கக் காரணம் உண்டு. 2020-இல் தொடங்கிய நடுவண் அரசின் மீன்வளத் திட்டத்தில் கடற்பாசிக்கென 640 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டு, 2023-இல் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய விதை சோர்ந்துவிட்டதால் வெளிநாட்டிலிருந்து புது விதை கொண்டுவருவதற்கான நெறிமுறைகள் 2024-இல் வெளியாயின. தனித்து வைத்துச் சோதித்தல், தீங்கை முன்கூட்டி மதிப்பிடுதல், கொண்டுவந்த பின்னும் கண்காணித்தல் ஆகியவற்றை அவை வேண்டுகின்றன. 2005-இன் கேள்விக்குறிக்குக் கிடைத்த மரியாதை அது என்றே கொள்ளலாம். கண்காணிக்கப்போவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்திலிருந்து ஆண்டுக்கொருமுறை வரும் படகு மட்டும் போதும் என்று 2008-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்த எவரும் சொல்ல மாட்டார்.

சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்காகப் பழைய பங்குக்குப் போயிருந்தோம். அந்த அம்மாளைக் கண்டோம்; வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் கடலுக்குப் போகிறார். அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு மதுரைக் கல்லூரிக்காரர்கள் விடை கண்டு எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி, சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டோம். மன்னிப்பை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. "எந்தத் தீவுல பாத்தாகளாம், சாமி?" என்றார். குருசடையில் என்றோம். "அங்கன மட்டுமா?" என்று கேட்டுவிட்டு, தாம் கண்ட இடங்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். நம்மிடம் திருமண அழைப்பிதழ்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டோம்.